பல் துலக்கும் பிரஷ்ஷைச் சுத்தமாக வைத்திருப்பது எப்படி: இடம் பார்ப்பதிலிருந்து தூக்கிப் போடுவது வரை

காட்பாடியில் வேலைக்குப் போகும் பெண்கள் தங்குகிற விடுதி ஒன்றைப் பதினொரு வருடமாகப் பார்த்துக்கொள்கிறேன். அறைக்கு நான்கு பேர், இரண்டு அறைக்கு ஒரு பாத்ரூம். ஒரே கண்ணாடிக்கு முன்னால் எட்டு பிரஷ். புதிதாக வருகிற பெண் பெட்டியைத் திறந்ததும், பஸ்ஸிலேயே நனைந்து மூடிக்குள் புழுங்கிய பிரஷ்ஷை எடுத்து, ஏற்கெனவே ஏழு பிரஷ் முட்டி மோதிக்கொண்டிருக்கும் டம்ளருக்குள் செருகிவிடுவாள். வருஷா வருஷம் இதைத்தான் பார்க்கிறேன்.

பிரஷ் சுத்தம் பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் முதலில் கேட்பது, "எதில் ஊற வைக்கலாம்?" என்றுதான். அது கடைசியில் வரவேண்டிய கேள்வி. முதலில் இடம், அப்புறம் ஸ்டாண்டு, அப்புறம் கழுவுவது, அப்புறம் காய வைப்பது. இந்த வரிசையை மாற்றினால் எந்த மருந்தும் உதவாது. காலையில் மருந்தில் முக்கிய பிரஷ்ஷை ஈரத்தோடு மூடி வைத்தால் சாயங்காலத்துக்குள் பழைய நிலைக்கே வந்துவிடும்.

இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நம் வாய்க்குள்ளேயே நூற்றுக்கணக்கான வகை பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. வாய்க்குள் போய் வருகிற பிரஷ்ஷில் அவை இருக்கத்தான் செய்யும். அவற்றை அடியோடு ஒழிப்பது நம் வேலை இல்லை. அடுத்தவர் வாயிலிருந்தும் கழிவறையிலிருந்தும் எதுவும் வந்து சேராமல் பார்த்துக்கொள்வது ஒன்று. வந்தது ஈரத்தில் பெருகாமல் பார்த்துக்கொள்வது இன்னொன்று. இந்த இரண்டும் நடந்தால் ஆரோக்கியமாக இருப்பவருக்கு அது போதும்.

தொடங்கும் முன் தேவையானவை

ஆளுக்கு ஒரு மென்மையான பிரஷ். முடிந்தால் மாற்றிப் பயன்படுத்த இன்னொன்று. அடியில் ஓட்டை உள்ள ஸ்டாண்டு, அல்லது ஓட்டை போடக்கூடிய பிளாஸ்டிக் டம்ளர். ஒரு குப்பி நெயில் பாலிஷ். பாத்திரம் தேய்க்கும் சோப்பு. கொஞ்சம் வெள்ளை வினிகர், இல்லாவிட்டால் எலுமிச்சம்பழம். ஒரு பழைய செய்தித்தாள். அவ்வளவுதான். பிரஷ்ஷில் கிருமியைக் கொல்ல என்று விற்கிற நீல விளக்குப் பெட்டி, விலையுயர்ந்த ஸ்பிரே எதுவும் இப்போதைக்கு வேண்டாம்.

1. முதலில் இடத்தைத் தேர்ந்தெடுங்கள்

இதை முதலில் செய்யச் சொல்வதற்குக் காரணம், பிரஷ் நாளில் ஐந்து நிமிடம்தான் நம் கையில் இருக்கிறது. மிச்ச நேரம் முழுக்க அது வைத்த இடத்தில்தான் இருக்கிறது.

பாத்ரூமும் கழிவறையும் ஒன்றாக இருந்தால், பிரஷ்ஷை அந்த அறைக்கு வெளியே கொண்டு வந்துவிடுங்கள். ஃபிளஷ் செய்யும்போது கண்ணுக்குத் தெரியாத நீர்த்துளிகள் மேலே எழும்பிச் சுற்றிலும் படிகின்றன. மேற்கத்தியக் கழிவறையாக இருந்தால் மூடியை மூடிவிட்டு ஃபிளஷ் செய்யலாம். நம் பக்கத்துக் கழிவறைக்கு மூடி கிடையாது. பக்கெட் தண்ணீரை ஓங்கி ஊற்றினால் இன்னும் நன்றாகவே தெறிக்கும். ஒரு முறை நீங்களே குனிந்து பாருங்கள், சுவரில் எவ்வளவு உயரம் வரை ஈரப் புள்ளி படிந்திருக்கிறது என்று.

வெளியே எங்கே வைப்பது? காற்று வருகிற ஜன்னல் பக்கம், அடுப்படிப் புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் எட்டாத இடம், தரையிலிருந்து நெஞ்சு உயரம். எங்கள் விடுதியில் நடையில் கை கழுவும் பேசினுக்கு எதிர்ச்சுவரில் பலகை அடித்தோம். அதற்கு முன்பு பாத்ரூமிலிருந்து பிரஷ்ஷை எடுத்து வரச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். பேசின் பக்கத்திலேயே இடம் அமைந்ததும் யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கைக்கு எட்டாத இடத்தில் வைத்த ஏற்பாடு மூன்று நாளைக்கு மேல் தாங்காது.

டியூப்லைட்டுக்கு நேர் கீழே வைக்காதீர்கள். மழைக்காலத்தில் ஈசல் கொட்டும், ஈசலைத் தேடிப் பல்லி வரும், பல்லியின் எச்சம் கீழே இருப்பதன் மேல் விழும். கரப்பானுக்கும் பேஸ்ட் ஒட்டிய பிரஷ் என்றால் பிடித்தமான தீனி. "கரப்பான் வருது, அதான் மூடி போட்டு வைக்கிறேன்" என்று நிறைய பேர் சொல்வார்கள். மூடி போட்டால் கரப்பான் வராது, சரி, ஈரமும் போகாது. அதற்கு பதில் பிரஷ்ஷில் பேஸ்ட் மிச்சமில்லாமல் கழுவுங்கள், பேசின் குழாய்க்கு ஜல்லடை போடுங்கள், பலகையைச் சுவரில் உயரமாக அடியுங்கள்.

மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர், வாசல் திண்ணை வேண்டாம். தூசியும் காக்கையும் அணிலும் இருக்கின்றன. வேலூர் வெயிலில் நாள் முழுக்கக் கிடந்தால் பிளாஸ்டிக்கும் வெளிறி நொறுங்க ஆரம்பிக்கும். காலை வெயில் சற்று நேரம் எட்டிப் பார்க்கிற ஜன்னல் போதும்.

2. ஸ்டாண்டு: அடியில் தண்ணீர் நிற்கக் கூடாது

ஒரு ஐப்பசி மாதம் மாடி பாத்ரூமில் பிரஷ் வைத்திருந்த எவர்சில்வர் டம்ளரைக் கழுவலாம் என்று தூக்கினேன். அடியில் இரண்டு விரல் உயரத்துக்கு வெள்ளையும் சாம்பலுமாகக் கலங்கிய தண்ணீர். சாய்த்தபோது அதில் நாலைந்து கொசுப்புழு நெளிந்தது. அதே டம்ளரில்தான் எட்டுப் பேர் பிரஷ் நின்றுகொண்டிருந்தது. அன்றைக்கே எல்லா டம்ளரையும் எடுத்துவிட்டேன்.

பிரஷ்ஷை எவ்வளவு உதறினாலும் கைப்பிடி வழியாகக் கொஞ்சம் நீர் இறங்கும். இறங்கிய நீர் வெளியேற வழி வேண்டும். கடையில் வாங்கினால் அடியில் ஓட்டை இருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள். பார்க்க அழகான பீங்கான் ஸ்டாண்டுகள் பலவற்றில் ஓட்டை இருக்காது, உள்ளே கையும் நுழையாது. வாங்காதீர்கள்.

வீட்டிலேயே செய்வதென்றால், கெட்டியான பிளாஸ்டிக் டம்ளரின் அடியில், இடுக்கியால் பிடித்துச் சூடாக்கிய ஆணியால் ஐந்தாறு ஓட்டை போடுங்கள். ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள், பிளாஸ்டிக் புகை நல்லதல்ல. ஓட்டை போட்ட டம்ளரைத் தட்டையாகப் பலகையில் வைத்தால் ஓட்டை அடைபட்டுப் போகும். இரண்டு பாட்டில் மூடிகளைக் கவிழ்த்து அதன் மேல் நிறுத்துங்கள், அடியில் காற்று போகட்டும்.

இரண்டு மூன்று பேர் உள்ள வீடு என்றால் இதைவிட எளிய வழி, சுவரில் ஒட்டுகிற பிரஷ் கொக்கி. பிரஷ் தொங்கும், அடி என்று ஒன்றே இல்லை, கழுவ வேண்டிய பாத்திரமும் இல்லை. ஆனால் உப்புத் தண்ணீர் தெறிக்கிற சுவரில் ஒட்டு நிற்காது. சுவரை நன்றாகத் துடைத்துக் காய வைத்துவிட்டு ஒட்டுங்கள்.

பிரஷ்ஷின் தலைகள் ஒன்றையொன்று தொடக் கூடாது. இதுதான் ஸ்டாண்டில் பார்க்க வேண்டிய இரண்டாவது விஷயம். ஒருவர் ஈறில் ரத்தம் கசிந்தால் அது அவர் பிரஷ்ஷின் முடியில் இருக்கும். ஒட்டி நிற்கிற பக்கத்து பிரஷ்ஷுக்கு அது போக வெகு நேரம் ஆகாது. எட்டுப் பேருக்கு ஒரே டம்ளர் என்பதை இரண்டு இரண்டு பேராகப் பிரியுங்கள்.

3. அடையாளம் போடுங்கள்

"அக்கா, இது என்னோடதா, அவளோடதா?" என்று ஒரே நிறத்தில் இரண்டு பிரஷ்ஷைத் தூக்கிக்கொண்டு காலை ஆறரை மணிக்கு என் அறைக் கதவைத் தட்டியவர்கள் உண்டு. காம்போ பாக்கெட்டில் நான்கு வாங்கினால் மலிவு, தோழிகள் சேர்ந்து வாங்குவார்கள், நிறம் ஒன்றாகிவிடும். யாருடையது என்று தெரியாவிட்டால் இரண்டையும் போட்டுவிட்டுப் புதிது எடுங்கள். யோசிக்கவே வேண்டாம்.

இதில் நான் இவ்வளவு கண்டிப்பாக இருப்பதற்குக் காரணம் மஞ்சள் காமாலையில் ஒரு வகையான ஹெபடைடிஸ் பி. ரத்தத்தின் மூலம் பரவுகிற அந்த வைரஸ், உடலுக்கு வெளியே குறைந்தது 7 நாள் உயிர்ப்போடு இருக்கக்கூடியது. இருப்பவருக்கே தெரியாமல் இருக்கலாம். ரேசர், பிரஷ் இரண்டையும் பகிரக் கூடாது என்று மருத்துவர்கள் சொல்வது இதற்காகத்தான். கணவன் மனைவி, அக்கா தங்கை என்றாலும் அதே கணக்குதான்.

அடையாளத்துக்கு நூல் கட்டாதீர்கள், ரப்பர் பேண்டு சுற்றாதீர்கள். இரண்டும் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு அடியில் கருக்கும். கைப்பிடியின் அடி முனையில் நெயில் பாலிஷால் ஒரு வளையம் வரையுங்கள். ஒருத்திக்கு ஒரு கோடு, இன்னொருத்திக்கு இரண்டு கோடு. அன்றைய தேதியையும் சின்னதாக எழுதிவிட்டால் மாற்றும் நேரம் வரும்போது உதவும்.

4. துலக்கும் முன்: கையும் பேஸ்ட்டும்

கையை சோப்பு போட்டுக் கழுவிவிட்டு பிரஷ்ஷை எடுங்கள். எழுந்ததும் கழிவறைக்குப் போய்விட்டு வந்த கை அது. பின்னால் கழுவும்போது அதே விரலால்தான் முடியைத் தேய்க்கப் போகிறோம்.

பேஸ்ட் டியூபின் வாயை முடியில் அழுத்தித் தேய்த்து எடுக்காதீர்கள். ஒரே டியூபை வீடே பயன்படுத்தும்போது ஒருவர் பிரஷ்ஷில் இருப்பது டியூப் வாயில் ஒட்டி அடுத்தவருக்குப் போகும். பட்டாணி அளவு பிதுக்கி, தொடாமல் மேலே விழ வையுங்கள். கொஞ்சம் பழகினால் வந்துவிடும். விடுதி மாதிரி இடத்தில் ஆளுக்கொரு சின்ன டியூப்தான் நல்லது.

5. துலக்கிய பின் கழுவுவது

இங்கேதான் அதிகம் தவறுகிறார்கள். தண்ணீர் வராத நாளில் பக்கெட்டில் பிடித்து வைத்திருப்போம். துலக்கி முடித்ததும் பிரஷ்ஷை அந்த பக்கெட்டுக்குள் விட்டு நாலு ஆட்டு ஆட்டி எடுப்பார்கள். மக்குக்குள் விட்டு ஆட்டுவதும் இதே தப்புதான். அந்தத் தண்ணீரில்தான் அடுத்தவர் வாய் கொப்பளிக்கப் போகிறார். குழாய் வராவிட்டால், ஒரு கையால் மக்கில் மொண்டு மேலிருந்து ஊற்றி, மறுகையால் பிரஷ்ஷைக் காட்டுங்கள். ஓடுகிற தண்ணீர்தான் அழுக்கைக் கொண்டுபோகும். தேங்கிய தண்ணீர் அதை அங்கேயே வைத்துக்கொள்ளும்.

ஊற்றும்போது முடியின் நுனி மட்டும் நனைந்தால் போதாது. பிரஷ் தலையைத் தண்ணீருக்கு நேராக நிமிர்த்தி, கட்டை விரலால் முடியை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடியுங்கள். அடிவேர் தெரியும். அங்கே தண்ணீர் படட்டும். அப்புறம் மறுபக்கம் சாய்த்து அதே மாதிரி. நுரை நின்று, தெளிந்த தண்ணீர் வடியும் வரை செய்யுங்கள். பத்துப் பதினைந்து விநாடி போதும்.

சரியாகக் கழுவினோமா என்று தெரிய வேண்டுமா? ஒரு வாரம் பயன்படுத்திய பிரஷ்ஷை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, முடிக் கொத்துகளுக்கு நடுவே உற்றுப் பாருங்கள். பிளாஸ்டிக்கில் கொத்து நட்டிருக்கும் இடத்தைச் சுற்றி மோதிரம் மாதிரி வெள்ளை அல்லது மங்கிய மஞ்சள் படிவு தெரிந்தால், அது காய்ந்த பேஸ்ட்டும் எச்சிலும் உணவுத் துணுக்கும். நகத்தால் சுரண்டினால் மாவு மாதிரி வரும். பிரஷ்ஷின் முதுகையும் பாருங்கள். நாக்கு வழிக்க அங்கே வரிவரியாகப் போட்டிருப்பார்கள், அந்தப் பள்ளத்தில் கறுப்பு முதலில் பிடிக்கும்.

கழுவி முடித்ததும் பேசின் விளிம்பில் டக் டக்கென்று தட்டுகிற பழக்கத்தை விடுங்கள். எல்லோரும் துப்புகிற இடம் அது. தலை கீழே பார்க்கப் பிடித்து, மணிக்கட்டால் நான்கைந்து முறை வேகமாக உதறுங்கள். துண்டில் துடைப்பதும் வேண்டாம். முகம் துடைத்து, கை துடைத்து, ஈரமாகவே மடித்துப் போட்டிருக்கிற துண்டு பிரஷ்ஷைவிட அழுக்காகத்தான் இருக்கும்.

6. காய வைப்பது

இந்த ஒரு படியை மட்டும் ஒழுங்காகச் செய்தாலே பாதிக் கவலை தீர்ந்தது. வாயில் வாழும் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவற்றுக்கு ஈரம் வேண்டும், பலவற்றுக்குக் காற்றே ஆகாது. காற்றாடக் காய்ந்த பிரஷ்ஷில் அவை பெருகுவதில்லை, குறையத் தொடங்கும். மூடிக்குள் ஈரமாக இருக்கும் பிரஷ்ஷில் நடப்பது நேர்மாறு.

ஆகவே தலை மேலே, கைப்பிடி கீழே, மூடி இல்லாமல், திறந்த காற்றில். தலைகீழாக டம்ளருக்குள் செருகினால் முடி டம்ளர் சுவரை ஒட்டி, வடிந்த தண்ணீரிலேயே நிற்கும். கொக்கியில் தொங்குவதானாலும் தலை மேலேயே இருக்கட்டும், முடி சுவரில் படக் கூடாது. படுக்க வைக்காதீர்கள், முடிக்கு அடியில் நீர் தங்கும்.

காய்ந்ததா இல்லையா என்று கண்ணால் தெரியாது. செய்தித்தாளைக் கிழித்து, முடியை அதன் மேல் அழுத்திப் பாருங்கள். தாளில் கறுப்பாக ஈரப் புள்ளி விழுந்தால் இன்னும் காயவில்லை. பார்த்து முடித்ததும் ஒரு தரம் தண்ணீரில் அலசிவிடுங்கள், அச்சு மை வாய்க்குள் போக வேண்டாம். புது இடத்தில் வைக்க ஆரம்பித்த முதல் வாரம் இரண்டு முறை செய்து பார்த்தால் போதும், இடம் சரியா என்று தெரிந்துவிடும்.

வெயில் காலத்தில் இங்கே இந்தச் சிக்கல் இல்லை. நம் ஊரை வெயிலூர் என்றே கேலி செய்கிறார்கள். சித்திரை, வைகாசியில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும்போது காலையில் துலக்கிய பிரஷ் மதியத்துக்குள் கடகடவென்று காய்ந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில்தான் கதை மாறும். வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் கொடியில் போட்ட துணியே இரண்டு நாள் காயாது. காலையில் துலக்கிய பிரஷ் ராத்திரி கையில் எடுக்கும்போதும் சில்லென்று இருக்கும்.

அந்த இரண்டு மாதத்துக்கு ஆளுக்கு இரண்டு பிரஷ் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். காலைக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று. ஒவ்வொன்றும் காய ஒரு முழு நாள் கிடைக்கும். இரண்டு பிரஷ் மாறி மாறி உழைப்பதால் இரண்டும் அதிக நாள் வரும், கூடுதல் செலவு என்று ஒன்றும் இல்லை. ஹேர் டிரையர் காட்டுவது, அடுப்புப் பக்கம் வைப்பது எல்லாம் வேண்டாம், முடி வளைந்துவிடும். மின்விசிறிக் காற்று எட்டுகிற இடத்தில் ஒரு மணி நேரம் வைத்தால் நல்ல வித்தியாசம் தெரியும்.

என் ஆயா கடைசி வரை வேப்பங்குச்சியில்தான் துலக்கினார். ஒடிப்பார், மெல்லுவார், துலக்குவார், எறிந்துவிடுவார். மறுநாள் புதுக் குச்சி. அவருக்குக் காய வைக்கிற வேலையே இருக்கவில்லை. நாம் ஒரே குச்சியை மூன்று மாதம் வாயில் வைக்கிறோம், அதனால் இத்தனை ஏற்பாடு வேண்டியிருக்கிறது.

7. வாரம் ஒரு நாள்: ஸ்டாண்டும் உப்புக்கறையும்

ஒரு கிழமையைக் குறித்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு ஞாயிறு. பிரஷ்களை எடுத்து ஒரு சுத்தமான தட்டில் தனித்தனியாக வையுங்கள். ஸ்டாண்டைப் பாத்திர சோப்பு போட்டு உள்ளும் வெளியும் தேய்த்து, ஓட்டைகளைக் குச்சியால் குத்திவிட்டு, வெயிலில் கவிழ்த்துக் காய வையுங்கள். ஈர ஸ்டாண்டில் திரும்ப பிரஷ்ஷை வைத்தால் செய்த வேலை வீண். வைத்திருந்த பலகையையும் துடையுங்கள்.

பிரஷ்ஷின் அடிவேரில் கல் மாதிரி வெள்ளையாகப் பிடித்திருப்பது எல்லாம் பேஸ்ட் அல்ல. போர் தண்ணீர் உபயோகிக்கிற வீடுகளில் வாளி, குழாய், ஹீட்டர் எல்லாவற்றிலும் படிகிற அதே சுண்ணாம்பு உப்புதான் இங்கேயும் படியும். பாலாற்றங்கரை ஊர்களில் பல இடங்களில் போர் தண்ணீர் நல்ல கடினம். இந்தக் கறை சொரசொரப்பாக இருப்பதால் அழுக்கு அதில் ஒட்டிக்கொள்ளும், தண்ணீரை எவ்வளவு ஊற்றினாலும் போகாது.

சோப்புக்கு அசையாத இந்தக் கறை புளிப்புக்கு அசையும். வினிகரும் தண்ணீரும் சம அளவில் கலந்து, பிரஷ்ஷின் தலை மட்டும் மூழ்க 15 நிமிடம் வையுங்கள். வினிகர் இல்லையா, அரை மூடி எலுமிச்சையைத் தண்ணீரில் பிழிந்துகொள்ளுங்கள், சற்று அதிக நேரம் ஆகும். அப்புறம் நல்ல தண்ணீரில் அலசுங்கள். மாதம் ஒரு முறை போதும். காவிரிக் கூட்டுக்குடிநீர் வருகிற வீடுகளுக்கு இது அநேகமாகத் தேவைப்படாது.

ஒரு எச்சரிக்கை. தொட்டிக்குப் போடுகிற பிளீச்சிங் பவுடரையும் வினிகரையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள். சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், மூச்சை அடைக்கும்.

8. இப்போது அந்தக் கேள்வி: எதில் ஊற வைப்பது?

மேலே சொன்னதெல்லாம் ஒழுங்காக நடக்கும் வீட்டில், உடம்பு நன்றாக இருப்பவருக்கு ஊற வைக்கத் தேவையே இல்லை. மனசு கேட்கவில்லை என்றால், அல்லது பிரஷ் தெரியாமல் எங்காவது பட்டுவிட்டது, புதிது வாங்க நேரமில்லை என்றால் மட்டும் செய்யுங்கள்.

மருந்துக்கடையில் கிடைக்கும் 0.2 சதவீதக் குளோர்ஹெக்ஸிடின் மவுத்வாஷை ஒரு சின்னக் கிண்ணத்தில் தலை மூழ்கும் அளவு ஊற்றி 15 நிமிடம் வைக்கலாம். 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடும் இதற்குப் பயன்படுத்துகிறார்கள். அடர்த்தியைப் பார்த்து வாங்குங்கள், கூடுதல் அடர்த்தி உள்ளதும் கடையில் இருக்கும். முடித்ததும் ஓடும் தண்ணீரில் அலசி, ஆறாவது படிக்குத் திரும்புங்கள்.

ஒரே கிண்ணத்தில் இரண்டு பேர் பிரஷ்ஷைப் போடக் கூடாது. ஊற வைத்த மருந்தை மறுநாளைக்கு எடுத்து வைக்கவும் கூடாது. கிருமி போக வேண்டும் என்று செய்கிற காரியமே கிருமியை இடம் மாற்றிவிடும். விடுதியில் ஒரு பெண் நல்லெண்ணத்தில் அறைத் தோழிகள் பிரஷ்ஷையெல்லாம் சேர்த்து ஒரே ஜாடியில் மவுத்வாஷ் ஊற்றி ஒரு வாரம் வைத்திருந்தாள். நாலு பிரஷ்ஷும் குப்பைக்குத்தான் போயின.

கொதிக்கிற தண்ணீரில் போடாதீர்கள், மைக்ரோவேவில் வைக்காதீர்கள். முடி கோணும், தலை இளகும், கோணின முடி ஈறைக் கிழிக்கும். டெட்டால் போன்ற வீட்டுக் கிருமிநாசினிகள் வாய்க்குள் போகிற பொருளுக்கானவை அல்ல. நீல விளக்குப் பெட்டி சில கிருமிகளைக் குறைக்கும் என்பது உண்மை. ஆனால் மூடிய பெட்டிக்குள் ஈர பிரஷ்ஷை வைத்துவிட்டு விளக்கை அணைத்தால் அதுவும் ஒரு மூடிதான்.

9. காய்ச்சல், சளி, வாய்ப்புண் வந்தால்

முதல் வேலை, அந்த பிரஷ்ஷை ஸ்டாண்டிலிருந்து எடுத்துத் தனி டம்ளரில் தனி இடத்தில் வைப்பது. பேஸ்ட்டும் தனி. சாதாரண சளிக்குப் பிரஷ்ஷைத் தூக்கிப் போட வேண்டியதில்லை, நன்றாகக் கழுவிக் காய வைத்தால் போதும்.

வாயில் வெள்ளைப் படலமாகப் பூஞ்சை பிடித்திருந்தால் மாற்றிவிடுங்கள். மருந்து தொடங்கி ஒன்றிரண்டு நாளில் புதிது, மருந்து முடிந்ததும் இன்னொன்று. தொண்டையில் சீழ் வைத்து ஆன்டிபயாடிக் எடுத்தவர்களுக்கும் இதையே சொல்கிறேன். பிரஷ் விலை முப்பது நாற்பது ரூபாய், அதைப் பார்க்க வேண்டாம்.

10. சிகிச்சைக்கு வந்து தங்கியிருப்பவர்களுக்கு

வேலூருக்கு வெளியூர், வெளி மாநிலத்திலிருந்து சிகிச்சைக்கு வந்து வாரக்கணக்கில் லாட்ஜில் தங்குகிறவர்கள் அதிகம். சீப்பு, சோப்பு, பேஸ்ட், மூன்று பேர் பிரஷ் எல்லாம் ஒரே கேரிபேகில் முடிச்சுப் போட்டு ஆணியில் தொங்கும். நோயாளியின் பிரஷ்ஷை முதலில் அதிலிருந்து பிரித்து எடுங்கள்.

கீமோதெரபி எடுப்பவர்கள், உறுப்பு மாற்று அறுவை சிகிச்சை ஆனவர்கள், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் விஷயத்தில் நான் மேலே சொன்ன "உடம்பு நன்றாக இருப்பவருக்குப் போதும்" என்பது பொருந்தாது. ரத்த அணுக்கள் குறைந்திருக்கும்போது ஈறில் ஒரு கீறல் விழுந்தாலே ரத்தம் நிற்காமல் போகலாம், கிருமி உள்ளே போகலாம். மிக மென்மையான பிரஷ், தனி டம்ளர், அடிக்கடி மாற்றுவது. எத்தனை நாளுக்கு ஒரு முறை, எதில் அலசுவது, சில நாள் பிரஷ்ஷே போடாமல் இருக்க வேண்டுமா என்பதையெல்லாம் சிகிச்சை தருகிறவர்களிடம் கேட்டு அப்படியே செய்யுங்கள். கடைசியாக அலச, கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர் எடுத்துக்கொள்ளலாம். லாட்ஜ் தொட்டி எப்போது கழுவியது என்று நமக்குத் தெரியாது.

11. பயணத்தில்

கிளம்பும் காலையில் துலக்கிவிட்டு உடனே மூடி போட்டுப் பையில் திணிப்பதுதான் வழக்கம். காயாத பிரஷ்ஷுக்கு ஒரு நாள் முழுக்கச் சிறை. முந்தின இரவு பயன்படுத்திக் காய்ந்த இரண்டாவது பிரஷ்ஷைப் பைக்கு எடுத்து வையுங்கள். மூடி ஓட்டை உள்ளதாக இருக்கட்டும். இல்லாவிட்டால் உலர்ந்த டிஷ்யூ தாளில் சுற்றிக்கொள்ளுங்கள். போய்ச் சேர்ந்ததும் முதலில் பிரஷ்ஷை வெளியே எடுத்து நிறுத்துங்கள்.

ரயிலில் வாஷ்பேசின் மேல் பிரஷ்ஷை வைக்காதீர்கள், அங்கே வருகிற தண்ணீரில் கடைசி அலசல் வேண்டாம். பாட்டில் தண்ணீர் ஒரு வாய் போதும்.

12. மாற்றுவதும் பழையதை ஒதுக்குவதும்

மூன்று அல்லது நான்கு மாதத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். அதற்கு முன்பே முடி இரண்டு பக்கமும் விரிந்து பூ மாதிரி ஆகிவிட்டால் அன்றைக்கே மாற்றுங்கள். விரிந்த முடி பல்லிடுக்கில் நுழையாது, அழுக்கை மட்டும் பிடித்து வைக்கும். குழந்தைகள் கடித்துத் துப்புவார்கள், அவர்கள் பிரஷ் சீக்கிரமே விரியும். ஒரே மாதத்தில் பெரியவர் பிரஷ் விரிந்தால், அழுத்தித் தேய்க்கிறார் என்று அர்த்தம். கைப்பிடியில் எழுதிய தேதியை இப்போது பாருங்கள், எத்தனை பேர் "போன மாசம்தான் வாங்கினேன்" என்று நம்பிக்கொண்டிருந்தோம் என்பது தெரியும்.

பழைய பிரஷ்ஷை யாரும் எறிவதில்லை. கொலுசு தேய்க்க, சீப்பு கழுவ, தலைச்சாயம் பூச, கிரைண்டர் இடுக்கைத் துடைக்க என்று அதற்கு அடுத்த வேலை காத்திருக்கும். நல்லதுதான். ஆனால் வேலை மாறிய அன்றே கைப்பிடியின் முனையைக் கத்தரித்துக் குட்டையாக்கிவிடுங்கள். மங்கின வெளிச்சத்தில், தூக்கக் கலக்கத்தில் கையில் எடுத்தால்கூட நீளம் சொல்லிவிடும். குட்டை பிரஷ் எதுவும் பேசின் பக்கத்துப் பலகைக்கு வரக் கூடாது. எங்கள் விடுதியில் அவை அடுப்படிக்குப் பின்னால், துடைப்பத்தோடு ஒரு வாளியில் இருக்கின்றன.